நிலவொளியில் அனுப்பினார்கள், செவியை மூடிக்கொண்டார்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எதிரியின் மண்ணிலே இரவோடிரவாக ஆட்களைக் கொண்டுசென்று இறக்கிய விமானங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே எழுதி வருகிறார்கள். வானிலே முழுநிலா. கீழே பிரெஞ்சு நாட்டு வயல்வெளி. புல்லிலே மூன்று ரோச் விளக்குகள். ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறு விமானம் ஒன்று தாழ்ந்து வந்து இறங்குகிறது; சூட்கேசுடன் ஒரு பெண் ஏணிவழியே இறங்கி இருளில் மறைகிறாள். அந்தப் பெண்ணின் துணிச்சலைப் போற்றிவிட்டு, விமானியின் திறமையை மெச்சிவிட்டு, ஒரு பதக்கத்தின் பெயரோடு கட்டுரை முடிந்துவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் காலந்தள்ளிய எனக்கு, போர் நினைவு நாட்கள் நெருங்கும்போதெல்லாம் மேசைக்கு வந்து சேர்ந்த இத்தகைய கட்டுரைகளுக்குக் கணக்கில்லை.

அந்தப் பெண்ணின் வீரம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த விமானிகளின் திறமையும் பொய்யன்று. ஆனால், அந்த விமானங்களில் ஏறிச் சென்றவர்களில் ஏராளமானோர் சாவதற்குக் காரணமாக இருந்தவர்கள் லண்டனில் மேசைக்கு முன்னால் அமர்ந்திருந்தவர்கள் என்ற உண்மையை இந்த நிலவொளிக் கதைகள் மூடி மறைக்கின்றன. “நான் பிடிபட்டுவிட்டேன்” என்று தம்முடைய ஆளே குறிப்பாலுணர்த்திய பின்னரும், அதைக் கேளாதவர்கள் போல் இருந்து, அடுத்த விமானத்தில் அடுத்த ஆளை ஏற்றியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

மூன்று விளக்குகளும் ஒரு பிழையும்

1940 ஜூலையில் பிரித்தானியா ‘எஸ்.ஓ.ஈ.’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட விசேட நடவடிக்கை அமைப்பைத் தொடங்கியது. நாஸி ஜேர்மனி கைப்பற்றிய நாடுகளுக்குள் முகவர்களை அனுப்பி நாசவேலை செய்வதும், எதிர்ப்பியக்கங்களுக்கு ஆயுதம் வழங்குவதும் அதன் பணி. லண்டனின் பேக்கர் வீதியில் அதன் தலைமையகம் இருந்தது. முகவர்களைக் கொண்டுசெல்வதற்கென்றே விமானப்படையில் 1941இல் 138ஆம் அணியும், 1942இல் 161ஆம் அணியும் அமைந்தன. டெம்ப்ஸ்ஃபோர்ட் என்னும் விமானத்தளம் அவற்றின் இருப்பிடமாயிற்று. பெரிய விமானங்கள் ஆட்களையும் ஆயுதப் பெட்டிகளையும் பரசூட் மூலம் இறக்கின. லைசாண்டர் என்ற சிறு விமானம் வயலிலேயே தரையிறங்கியது. அதற்காக அதன் பக்கத்தில் ஏணி ஒன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. கூடுதல் எரிபொருள் தாங்கி ஒன்று வயிற்றின் கீழ்ப் பூட்டப்பட்டிருந்தது.

தலைகீழாய்ப் பிடித்த ஆங்கில ‘எல்’ எழுத்தைப் போல வயலில் மூன்று விளக்குகள் வைக்கப்படும். முன்கூட்டியே ஒத்துக்கொண்ட எழுத்தொன்றைக் கீழிருந்து மின்னிக் காட்டவேண்டும். எழுத்துச் சரியானால் விமானம் இறங்கும். வந்தவர் இறங்க, போகவேண்டியவர் ஏற, சில நிமிடங்களில் மீண்டும் எழும்பிவிடும். எழுத்துத் தவறானால் விமானி இறங்காமலே திரும்பிவிடுவார். விமானிகள் இந்த விதியை மதித்தார்கள். குறி தவறினால் இறங்கக் கூடாது என்பதை அவர்களுக்கு எவரும் இருமுறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதே போன்ற ஏற்பாடு வானொலிச் செய்திகளுக்கும் இருந்தது. முகவருடன் செல்லும் வானொலி இயக்குநர் தமது செய்தியில், முன்னரே ஒத்துக்கொண்ட இடங்களில், வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்யவேண்டும். அந்தப் பிழை இருந்தால் அவர் சுதந்திரமாக இருக்கிறார். பிழையில்லாமல் செய்தி வந்தால் அவர் தலைக்குப் பின்னால் துப்பாக்கி நிற்கிறது என்று பொருள். வயலில் எழுத்துத் தவறினால் விமானி திரும்பினார். வானொலியில் குறி தவறியபோது பேக்கர் வீதி என்ன செய்தது?

ஒல்லாந்தில் நடந்தது

ஹூப் லோவர்ஸ் என்ற ஒல்லாந்து இளைஞர் 1941 நவம்பரில் பரசூட் மூலம் தமது தாய்நாட்டில் இறக்கப்பட்டார். 1942 மார்ச் 6ஆம் திகதி ஹேக் நகரில் வானொலிக் கருவியோடு பிடிபட்டார். ஜேர்மன் இராணுவப் புலனாய்வு அதிகாரி ஹெர்மன் கிஸ்கெஸ் அவரை லண்டனோடு தொடர்ந்து பேசச் செய்தார். லோவர்ஸ் அதற்கு இணங்கியதற்கு ஒரே காரணம், லண்டனில் இருப்பவர்கள் அந்தக் குறி இல்லாததைக் கண்டுகொள்வார்கள் என்ற நம்பிக்கை. குறியில்லாமலே செய்தி அனுப்பினார். லண்டன் பதில் அனுப்பியது: புதிய முகவர் ஒருவரை அனுப்புகிறோம், வரவேற்க ஆயத்தமாயிருங்கள் என்று. தாம் அகப்பட்டுக்கொண்டதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைக்கூடச் செய்திக்குள் ஒளித்து அனுப்பிப் பார்த்தார் லோவர்ஸ். அதுவும் எவருடைய கண்ணிலும் படவில்லை.

இரண்டாண்டு காலம் நீடித்த நாடகம் இவ்வாறே தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட முகவர்கள் அதில் அகப்பட்டனர். பெரும்பாலானோர் பரசூட்டின் கயிறுகளைக் கழற்றுமுன்னரே, தம்மை வரவேற்க வந்தவர்கள் ஜேர்மனியரும் அவர்களது கையாட்களும் என்பதை அறிந்தனர். அவர்களோடு இறங்கிய ஒவ்வொரு வானொலிக் கருவியும் கிஸ்கெஸின் கையில் இன்னொரு தூண்டிலாயிற்று. 1944 செப்டெம்பரில் அவர்களுள் மிகப் பலர் ஒஸ்ரியாவின் மௌட்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டனர்.

லண்டனில் எவருக்கும் ஐயம் எழவில்லையா? எழுந்தது. சங்கேதக் குறியீட்டுப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த லியோ மார்க்ஸ் என்ற இளைஞர், ஒல்லாந்திலிருந்து வரும் செய்திகளில் குறியீட்டுப் பிழையே இல்லை என்பதைக் கவனித்தார். ஒளிந்திருந்து, அஞ்சி, அவசரத்தில் எழுதுபவன் எங்கேனும் தவறுவான். ஒருவருமே தவறவில்லை என்றால், அவர்கள் வசதியான மேசையில், ஆறுதலாக, மேற்பார்வையின் கீழ் எழுதுகிறார்கள். இந்தச் சிறிய நுட்பத்தை அவர் மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னார். மேலிடம் அசையவில்லை.

1943 ஓகஸ்டில் டூர்லைன், உபிங்க் என்ற இரு முகவர்கள் சிறையிலிருந்து தப்பினர். சுவிற்சர்லாந்தை அடைந்து, ஒல்லாந்து வலையமைப்பு முழுவதும் ஜேர்மனியர் கையில் இருக்கிறது என்று அறிவித்தனர். 1944இன் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கும் வந்து சேர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? பிரிக்ஸ்டன் சிறை. அவர்கள் எதிரிக்கு விலைபோனவர்கள் என்று கிஸ்கெஸ் முன்கூட்டியே வானொலியில் அறிவித்திருந்தார்; லண்டன் அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. எதிரி பொய்யாக அனுப்பிய செய்திக்குச் செவிசாய்த்தவர்கள், தம்முடைய ஆட்கள் உயிரைப் பணயம்வைத்துக் கொண்டுவந்த உண்மையைச் சிறையில் பூட்டினார்கள். கடைசியில், 1944 ஏப்ரல் முதலாம் திகதி, கிஸ்கெஸ் லண்டன் அதிகாரிகளை ஒரு வணிக நிறுவனத்தின் பங்காளிகளைப் போல விளித்து, இத்தனை காலமும் நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு நன்றி கூறும் ஏளனச் செய்தியொன்றை ஒளிவுமறைவின்றி அனுப்பி முடித்துவைத்தார். முட்டாள்கள் தினத்தைத் தேர்ந்தெடுத்தவரை நான் மெச்சமாட்டேன். ஆனால், அந்தத் தினத்துக்கு உரியவர்கள் யார் என்பதில் அவர் தவறவில்லை.

செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு இந்தக் குற்றத்தின் தன்மை எளிதில் விளங்கும். மோதல் நடந்த பிரதேசங்களிலிருந்து நிருபர்கள் செய்தி அனுப்பிய காலத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு கைராசி உண்டு என்பதை நாங்கள் அறிவோம். எப்போதும் இடத்தின் பெயரோடு தொடங்குபவர் ஒருநாள் அதிகாரியின் பெயரோடு தொடங்கினால், எப்போதும் சுருங்கச் சொல்பவர் திடீரென்று நீட்டி முழக்கினால், அருகில் யாரோ நிற்கிறார்கள் என்று மேசையில் இருப்பவன் உணரவேண்டும். செய்தியை நிறுத்தவேண்டும். அவருக்கு ஆபத்து நேராத வகையில் விசாரிக்கவேண்டும். அதை உணராதவனுக்கு அந்த நாற்காலியில் இருக்க உரிமை இல்லை.

நூர் இறங்கிய இரவு

1943 ஜூன் 16ஆம் திகதி இரவு பிரான்சின் ஆன்ஜே நகருக்கு அண்மையில் இரண்டு லைசாண்டர்கள் இறங்கின. அவற்றில் வந்தவர்களுள் மூவர் பெண்கள்: டயானா ரௌடன், செசிலி லெஃபோர், நூர் இனாயத் கான். நூர் 1914இல் மொஸ்கோவில் பிறந்தவர். இந்திய சூஃபி ஞானியும் இசைவாணருமான இனாயத் கானின் மகள். திப்பு சுல்தானின் வழித்தோன்றல். பாரிஸில் வளர்ந்தவர். புத்த ஜாதகக் கதைகளைச் சிறுவர்க்காக ஆங்கிலத்தில் எழுதி 1939இல் நூலாக்கியவர். பொய் பேசத் தெரியாத அந்தப் பெண் இந்த வேலைக்குப் பொருத்தமானவரா என்று பயிற்சியாளர்கள் சிலர் ஐயம் எழுதினர். பயிற்சி முற்றுப்பெறவும் இல்லை. ஆயினும், வானொலி இயக்குநர்களுக்குத் தட்டுப்பாடு, அனுப்பிவிட்டார்கள்.

அந்த வயலில் அவர்களை வரவேற்ற விமானப் போக்குவரத்துப் பொறுப்பாளர் ஹென்றி டெரிகூர். முகவர்களின் கடிதங்களை ஜேர்மன் பாதுகாப்புச் சேவைக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அவரேதான். ஒரு வாரத்தில், ஜூன் 24ஆம் திகதி, ‘புரொஸ்பர்’ வலையமைப்பின் தலைவர் பிரான்சிஸ் சட்டில் கைதானார். அவருடைய வானொலி இயக்குநர் கில்பேர்ட் நோமனும் பிடிபட்டார். நோமனின் கருவியிலிருந்து மெய்க்குறி இல்லாத செய்தி லண்டனுக்குப் போனது. லண்டன் என்ன பதில் அனுப்பியது? மெய்க்குறியை மறந்துவிட்டீர்கள், இனிமேல் கவனமாயிருங்கள் என்று கண்டித்தது! தமக்குத் தெரியாதிருந்த இரண்டாவது குறி ஒன்று உண்டென்பதை ஜேர்மனியர் அந்தப் பதிலிலிருந்தே அறிந்துகொண்டனர். திருடனைக் கூப்பிட்டுத் திறப்பிருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்த கதை இது.

வலையமைப்பு நொறுங்கிய பின்னர் நூரைத் திரும்பிவிடுமாறு கேட்டார்கள். பாரிஸில் எஞ்சியிருந்த வானொலித் தொடர்பைக் கைவிட அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு அவருடையது. அதற்குரிய பெருமையும் அவருடையது. 1943 ஒக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். அவர் அனுப்பிய செய்திகளெல்லாம் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவரது அறியாமைக்குச் சான்றாக இதை இன்றுவரை எடுத்துக்காட்டுகிறார்கள். செய்திகளைப் பாதுகாப்பது பற்றி அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையின் வாசகமே இருபொருள் தருவதாயிருந்தது என்பதை மெல்லிய குரலில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள்.

அதே ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர் வழியாக லண்டனுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. ‘மடலேன்’ விபத்துக்குள்ளாகி வைத்தியசாலையில் இருக்கிறார் என்றது அது. மடலேன் என்பது நூரின் மறைபெயர். வைத்தியசாலை என்றால் சிறை. அனுப்பியவர் சோனியா ஒல்ஷனெஸ்கி என்ற யூதப் பெண், நடனக் கலைஞர், பிரான்சிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டவர். லண்டனுக்கு அவரைத் தெரியாது. எனவே அவருடைய சொல்லும் எடுபடவில்லை. பிடிபட்ட நூரின் கருவி வழியே ஜேர்மனியர் தொடர்ந்து பேசினர். இடையில் ஐயம் எழுந்தது. சோதனைக் கேள்விகளும் கேட்கப்பட்டன. பின்னர் எல்லாம் சரியென்று முடிவாயிற்று.

1944 பெப்ரவரி இறுதியில் ஓரிரவு, அந்தக் கருவியில் பேசி ஒழுங்குசெய்த வயலொன்றில், மடலேன் டமர்மோன் என்ற பெண்ணும் மொரீஷியஸைச் சேர்ந்த பிரான்ஸ் அந்தெல்மும், வானொலி இயக்குநர் லயனல் லீயும் பரசூட்டில் குதித்தனர். கீழே காத்திருந்தவர்கள் ஜேர்மனியர். அதே ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி டாஹாவ் முகாமில் நான்கு பெண்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். நூர் ஒருவர், நூரின் கருவியால் ஏமாற்றி வரவழைக்கப்பட்ட டமர்மோன் இன்னொருவர். நூரோடு அன்றிரவு வந்திறங்கிய டயானா ரௌடன் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்டிருந்தார். செசிலி லெஃபோர் 1945இல் ராவென்ஸ்புரூக்கில் மாண்டார். அந்த இரண்டு விமானங்களில் வந்த மூன்று பெண்களில் ஒருவர்கூட மீளவில்லை.

எச்சரித்த சோனியாவின் கதி என்ன? நாட்ஸ்வைலரில் டயானாவோடு கொல்லப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். போருக்குப் பின் தேடிச் சென்ற எஸ்.ஓ.ஈ. அதிகாரி வேரா அட்கின்ஸ், அடையாளம் தெரியாத அந்த நான்காவது பெண்ணை முதலில் நூர் என்றே தவறாகக் கொண்டார். உயிரோடு இருந்தபோது அவருடைய சொல் கேட்கப்படவில்லை. செத்த பின்னர் அவருடைய பெயர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சாட்டுகளும் மறுப்பும்

இதற்குப் பதில் சொல்பவர்கள் மூன்று சாட்டுகளைச் சொல்வதுண்டு.

முதலாவது: அவர்கள் ஆபத்தை அறிந்தே சென்றவர்கள். உண்மை. எதிரியால் வரக்கூடிய ஆபத்தை அறிந்தே சென்றார்கள். தம்மை அனுப்பியவர்களின் அசட்டையால் சாவதற்கு அவர்கள் ஒப்பமிட்டுக் கொடுக்கவில்லை.

இரண்டாவது: எதிரியைத் திசைதிருப்ப வேண்டுமென்றே பலியிடப்பட்டார்கள், அது பெரிய தந்திரம். நூல்கள் பல இவ்வாறு எழுதப்பட்டுள்ளன. இதற்கு உறுதியான சான்று இல்லை. அதைவிட, இந்தச் சாட்டு அசட்டையை அறிவுக்கூர்மையாக மாற்றிக் காட்டுகிறது. தூங்கியவனை யோகியாக்கும் வேலை இது.

மூன்றாவது: போரில் தவறு நேர்வது இயல்பு, அன்றைய நெருக்கடியில் வேறுவிதமாக நடந்திருக்க முடியாது. இதற்குரிய மறுமொழி நமது பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. அதே எஸ்.ஓ.ஈ.யின் கிழக்குக் கிளை ‘ஃபோர்ஸ் 136’ என்று வழங்கியது. 1945இல் மின்னேரியாவிலிருந்து எழும்பிய லிபரேட்டர் விமானங்கள் வங்கக் கடலைக் கடந்து மலாயாக் காடுகளில் ஆட்களையும் ஆயுதங்களையும் இறக்கித் திரும்பின. அவற்றுள் 20 மணி நேரத்தைத் தாண்டிய பறப்புகளும் இருந்தன. நம்மவர் ஆயிரமாயிரமாக வாழ்ந்து, பசித்து, சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச்செல்லப்பட்டு மடிந்த மலாயா அது.

அந்தக் கிளை 1944 ஒக்டோபர் இறுதியில் இப்ராஹிம் இஸ்மாயில் என்ற மலாய் அதிகாரியின் தலைமையில் மூவரைக் கடல்விமானத்தில் கொண்டுசென்று மலாயாவின் கிழக்குக் கரையோரம் இறக்கியது. விரைவிலேயே அவர்கள் ஜப்பானியரிடம் பிடிபட்டனர். லண்டனுக்குப் பேசுமாறு லோவர்ஸ் வற்புறுத்தப்பட்டதைப் போலவே இவர்களும் வற்புறுத்தப்பட்டனர். இணங்குவதுபோல் நடித்து, தாம் பிடிபட்டதை இப்ராஹிம் குறிப்பால் அறிவித்தார். இம்முறை மேசையில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், நேச நாடுகளின் தரையிறக்கம் எங்கே நடக்கும் என்பது பற்றிய பொய்த் தகவலை அதே கருவிவழியே ஜப்பானியருக்கு ஊட்டினார்கள். இப்ராஹிம் உயிரோடு மீண்டார், பிற்காலத்தில் மலேசிய ஆயுதப் படைகளின் தலைவராக உயர்ந்தார், 2010இல் காலமானார். நெருக்கடி அங்கும் இருந்தது, எதிரியும் கொடியவன். கேட்க வேண்டியதைக் கேட்டார்கள் என்பதே வேறுபாடு.

எதிர்த்தரப்பும் இதில் தூய்மையானதன்று. பினாங்கில் பயிற்றப்பட்ட இந்திய இளைஞர்களை 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிகள் மலையாளக் கரையில் இறக்கிவிட்டுப் போயின. உடனேயே அகப்பட்ட வக்கம் அப்துல் காதர் 1943 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரை ஒற்றன் என்று தூக்கிலிட்ட அரசே, அந்த நாட்களில் பாரிஸில் நூரை ஒற்றராக வைத்திருந்தது. ஒற்றனையும் விசாரணையின்றித் தண்டிக்கலாகாது என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் ஒழுங்குவிதி. காதருக்கு விசாரணையாவது நடந்தது. நூருக்கு அதுவும் இல்லை.

நம்முடைய வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஓர் ஒற்றர் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கவேண்டும் என்பதும், ஒற்றரை ஒற்றர் அறியாதவாறு ஆளவேண்டும் என்பதும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்பதும் அதிலே உள்ளவை. புரொஸ்பர் வலையமைப்பில் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர். ஒல்லாந்தில் மார்க்ஸின் கணிப்பும், குறியில்லாத செய்திகளும், தப்பி வந்த இருவரின் வாக்கும் ஒத்தே இருந்தன. மூன்று சொற்கள் ஒத்தும் நம்பாதவர்களை என்னவென்பது?

பூட்டிவைத்த கோப்புகள்

போர் முடிந்த பிறகு நடந்தது இரண்டாவது குற்றம். 1946இல் பேக்கர் வீதியில் மூண்ட தீயில் கோப்புகள் பல அழிந்தன. ஒல்லாந்து நாடாளுமன்றம் விசாரணைக்குழு அமைத்துக் கேட்டபோது, பிரித்தானிய வெளிவிவகார அமைச்சு 1949இல் அளித்த பதிலின் சாரம், துரோகம் நடக்கவில்லை, கணிப்பில் தவறு நேர்ந்தது என்பதுதான். டெரிகூர் 1948இல் பாரிஸ் இராணுவ நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டார். எஸ்.ஓ.ஈ.யின் பிரெஞ்சுப் பகுதியில் உயர் பதவி வகித்த நிக்கலஸ் பொடிங்டன் சாட்சி சொல்லி அவரைக் காப்பாற்றினார், விடுதலையானார். முகவர்களின் சொந்தக் கோப்புகள் பொதுமக்களின் பார்வைக்கு வரத் தொடங்கியதோ 2003இல். அறுபது ஆண்டுகள் கழித்து. அதற்குள் தாய்மாரும் சகோதரரும் பெரும்பாலும் மறைந்துவிட்டனர்.

எதிரி அறியாதிருக்க வைத்த இரகசியம், எதிரி தோற்ற பின்னர் யாரிடமிருந்து காக்கப்பட்டது? 1945க்குப் பின்னர் கிஸ்கெஸுக்கும் தெரிந்திருந்தது, டெரிகூருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதிருந்தவர்கள் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரும் வரி செலுத்திய மக்களும்தான்.

நூருக்கு 1949இல் ஜோர்ஜ் சிலுவை வழங்கினார்கள். 2012இல் லண்டன் கோர்டன் சதுக்கத்தில் சிலை வைத்தார்கள். அவர் பெயர் நிலைப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், பதக்கம் கொடுப்பது மலிவு. கணக்குக் கொடுப்பது விலை கூடியது. மலிவானதைச் செய்து விலை கூடியதைத் தப்பிக்கும் வழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரியதன்று.

எனவே வாசகர்களே, அந்த நிலவும் மூன்று விளக்குகளும் வரும் கட்டுரையொன்று அடுத்த நினைவு நாளில் உங்கள் கண்ணில் படும்போது ஒன்றைத் தேடிப் பாருங்கள். இறங்கியவரின் பெயர் இருக்கும். ஓட்டிச் சென்றவரின் பெயர் இருக்கும். அவர் அனுப்பிய எச்சரிக்கை எந்த மேசைக்கு வந்தது, அதை யார் வாசித்தார், வாசித்த பின்னர் அடுத்த விமானத்தை அனுப்ப யார் ஒப்பமிட்டார் என்ற விபரம் இருக்கிறதா? இல்லையென்றால், அதை எழுதியவரிடம் கேளுங்கள். அவர் என்னைப் போன்ற பழைய பத்திரிகைக்காரராக இருந்தாலும் விடாதீர்கள்.